பெரியவங்க மருந்து வையல்ல இருந்து 1.2 கிலோ குழந்தைக்கு டோஸ்: என்ஐசியூல தப்பு நடக்காம இருக்க என்ன பண்ணணும், நாம என்ன கேக்கலாம்?

கேள்வியை ரெண்டு தடவை படிச்சேன். உங்க தங்கச்சிக்கு 31 வாரத்துலயே பிரசவம் ஆயிடுச்சு, குழந்தை 1.2 கிலோ, என்ஐசியூல (பச்சக்குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கு. கண்ணாடி வழியா பாத்தப்ப சிஸ்டர் ஒரு சின்ன வையல்ல (ரப்பர் மூடி போட்ட குட்டி மருந்து பாட்டில்) ஊசி குத்தி மருந்து எடுத்து, சலைன் கலந்து, அதுல இருந்தும் கொஞ்சூண்டு மட்டும் போட்டுட்டு மிச்சத்தை அப்படியே குப்பையில போட்டாங்க, லேபிள்ல அமிகாசின் (கிருமிக்கு போடுற ஆன்டிபயாடிக்) 100னு இருந்துச்சு. குழந்தைக்குன்னு தனி மருந்து கிடையாதா, கணக்கு தப்பாச்சுன்னா என்ன ஆகும், நாங்க என்ன கேக்கலாம், வீடியோ எடுத்து வெச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, நீங்க நிஜமா தெரிஞ்சுக்க நினைக்கிறது ஒண்ணுதான்: அந்த சிஸ்டர் கை தவறினா அதை பிடிக்க அங்க வேற யாராவது, ஏதாவது இருக்கா? அதை வெச்சே பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் டாக்டர் இல்ல. ஃபார்ம்.டி (மருந்தியல் படிப்பு) முடிச்சுட்டு குழந்தைங்க வார்டுலயும் என்ஐசியூலயும் கிளினிக்கல் ஃபார்மசிஸ்டா வேலை பாக்குறேன், டாக்டர் எழுதுற மருந்தோட டோஸு, நேரம், கலக்குற முறை, ஒண்ணோட ஒண்ணு சேருமா சேராதா, இதையெல்லாம் சரி பாக்குறதுதான் வேலை. உங்க குழந்தைக்கு எழுதின டோஸ் சரியா தப்பான்னு இங்க இருந்து சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது, கிட்னி எப்படி இருக்கு, என்ன இன்ஃபெக்‌ஷன், பொறந்து எத்தனை நாள்னு எல்லாம் பாக்காம டோஸ் பேசுறவங்களை நீங்களும் நம்பாதீங்க. கீழ வர்ற கணக்கெல்லாம் விஷயம் புரியறதுக்காக மட்டும்.

முதல்ல நீங்க பாத்த காட்சி. கலக்கினது சரி, மிச்சத்தை போட்டதும் சரி. நம்ம ஊர் கடையில அமிகாசின் மூணு விதமா வருது, 100 எம்ஜி, 250 எம்ஜி, 500 எம்ஜி, மூணுமே ரெண்டு எம்எல் வையல்தான், அதாவது வெளிய அளவு ஒண்ணு, உள்ள சரக்கு அஞ்சு மடங்கு வரைக்கும் வித்தியாசம். கிலோவுக்கு 15 எம்ஜின்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம், 1.2 கிலோவுக்கு 18 எம்ஜி. 100 எம்ஜி வையல்ல அது 0.36 எம்எல். அதையே 500 எம்ஜி வையல்ல இருந்து எடுக்கணும்னா 0.072 எம்எல், அதை எந்த சிரிஞ்சுலயும் நிம்மதியா அளக்க முடியாது. கை பழக்கத்துல 500 வையல்ல இருந்து அதே 0.36 எடுத்துட்டா 90 எம்ஜி உள்ள போயிடும். அமிகாசின் அளவு மிஞ்சினா அடி வாங்குறது கிட்னியும் காதும்தான்.

இன்னொண்ணு வெளியில யாரும் பேசுறதில்ல. ஊசி மாட்டின சிரிஞ்சுல பிஸ்டனை முழுசா தள்ளின பிறகும் அந்த கழுத்துலயும் ஊசிக்குள்ளயும் ஒரு 0.07 எம்எல் வரைக்கும் மருந்து நிக்கும். பெரியவங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. ஆனா 0.36 எம்எல் மருந்தை எடுத்துட்டு அதே சிரிஞ்சுலயே சலைனை இழுத்தா, கழுத்துல நிக்குற மருந்தும் சேர்ந்து உள்ள வந்துடும், கிட்டத்தட்ட 20 சதவீதம் கூடுதல் டோஸ், யார் மேலயும் தப்பு சொல்ல முடியாத கூடுதல். 500 வையல்ல இருந்து 0.072 எடுத்து அப்படி பண்ணா டோஸே டபுள். அதனாலதான் நல்லா பழகின சிஸ்டருங்க 100 எம்ஜி வையலை முழுசா எடுத்து 10 எம்எல்லுக்கு கொண்டு வந்துடுவாங்க, இப்ப எம்எல்லுக்கு 10 எம்ஜி, குழந்தைக்கு வேண்டியது 1.8 எம்எல், கண்ணுக்கு தெரியுற அளவு, கோடு பாத்து எடுக்கலாம். மிச்சம் 82 எம்ஜியை எடுத்து வெச்சு ராத்திரிக்கு போடலாமேன்னு நினைப்பு வரும், காசு போட்டு வாங்கின மருந்தாச்சே. வேணாம். கலக்கின மருந்தை வெச்சிருந்து, திரும்பத் திரும்ப குத்தி எடுத்தா கிருமி போகும், என்ஐசியூல அது மருந்து வீணாறதை விட பல மடங்கு பெரிய செலவு. கல்யாண வீட்டு அண்டாவுல இருந்து நேரா பாலாடையில அளந்து எடுக்கச் சொன்னா எப்படி இருக்கும், அந்த வேலையைத்தான் அவங்க ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் பண்றாங்க.

சிரிஞ்சுலயும் ஒரு வம்பு இருக்கு. ஒரு எம்எல் சிரிஞ்சுல 100 கோடு. நம்ம நாட்டுல அதிகமா புழங்குற இன்சுலின் சிரிஞ்சுல ஒரு எம்எல்லுக்கு 40 கோடு. ரெண்டும் ஒல்லியா ஒரே மாதிரிதான் இருக்கும். 'முப்பத்தாறு கோடு எடு'ன்னு ஒருத்தர் வாயால சொல்லி, கையில இருந்தது இன்சுலின் சிரிஞ்சா இருந்தா, 0.36க்கு பதிலா 0.9 எம்எல் வந்துடும். கோடு கணக்குல பேசாதீங்க, எம்எல்லுல பேசுங்கன்னு நான் புதுசா வர்ற பிள்ளைங்ககிட்ட சலிக்க சலிக்க சொல்றது இதுக்குத்தான்.

இப்ப அடிப்படை விஷயம், எனக்கு சந்தேகமே இல்லாத விஷயம். பெரியவங்களுக்கு பத்து மடங்கு தப்பு நடக்கணும்னா ஒரு வையலுக்கு பதிலா பத்து வையல் உடைக்கணும், மூணாவது வையல்லயே கை நின்னுடும், 'என்னடா இது'ன்னு தோணிடும். பச்சக்குழந்தைக்கு பத்து மடங்கு டோஸும் அதே ஒரு வையல்லயே அடங்கிடும், அதே சிரிஞ்சுலயே வந்துடும், கண்ணுக்கோ கைக்கோ எந்த உறுத்தலும் இருக்காது. ஒரு புள்ளி இடம் மாறினா போதும். 1.0ன்னு எழுதினா புள்ளி மங்கி 10ஆ தெரியும், வெறுமனே .5ன்னு எழுதினா 5ஆ தெரியும், அதனால 1ன்னு எழுதணும், 0.5ன்னு எழுதணும். மைக்ரோகிராமை மில்லிகிராம்னு படிச்சா ஆயிரம் மடங்கு. நரம்பு வழியா போடுற பாரசிட்டமால் எம்எல்லுக்கு 10 எம்ஜி, '12 எம்ஜி'ங்கிறதை '12 எம்எல்'னு எடுத்தா அங்கயே பத்து மடங்கு. இந்த ஒரு குழப்பத்துக்காகவே பிரிட்டன்ல 2010ல எச்சரிக்கை விட்டாங்க. ஆக தப்பு பெரும்பாலும் அறிவுல இல்ல, கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு அவசரத்துல போடுற கணக்குல இருக்கு. அந்த கணக்கை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு. மத்ததெல்லாம் இதுல இருந்துதான் கிளைக்குது.

குழந்தைங்கிறது சின்ன சைஸ் மனுஷன் இல்லங்கிறது அடுத்த சிக்கல், எடைக்கு ஏத்த மாதிரி சுருக்கினா மட்டும் சரியாயிடாது. குறைமாச குழந்தை உடம்புல தண்ணி அதிகம், கிட்னி இன்னும் முழுசா வேலை செய்ய ஆரம்பிக்கல, அதனால அமிகாசின், ஜென்டாமைசின் மாதிரி மருந்துல ஒரு தடவை போடுற அளவு கிலோ கணக்குல பெருசா இருக்கும், ஆனா இடைவெளி 24 மணி, 36 மணி, சில சமயம் 48 மணின்னு நீளும். 'நேத்து போட்டாங்க, இன்னைக்கு போடவே இல்ல, மறந்துட்டாங்க'ன்னு வெளிய நிக்குற பாட்டி பதறுவாங்க, அது மறதியா இருக்கணும்னு இல்ல. ஈரல் கதையும் அப்படித்தான். 1950கள்ல குளோராம்ஃபெனிகால் குறைமாச குழந்தைகளுக்கு சர்வ சாதாரணமா குடுத்தாங்க, குழந்தைங்க சாம்பல் நிறமாகி இறந்தாங்க, அந்த மருந்தை உடைச்சு வெளியேத்துற சக்தி அந்த ஈரலுக்கு இல்லன்னு 1959லதான் தெளிவா தெரிஞ்சுது. கிரே பேபி சிண்ட்ரோம்னு இன்னைக்கும் பாடத்துல வருது. இப்போதைய உதாரணம்னா செஃப்ட்ரியாக்சோன், வார்டுல தண்ணி மாதிரி ஓடுற ஆன்டிபயாடிக், ஆனா பொறந்து 28 நாளுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு கால்சியம் ட்ரிப்ஸ் ஓடுதுன்னா அது கூடவே கூடாது, ரெண்டும் சேர்ந்து படிவமாகி நுரையீரல்லயும் கிட்னியிலயும் அடைச்சு உயிரே போயிருக்கு.

பயமுறுத்திட்டேன்னு நினைக்கிறேன், அதனால ஒரு நம்பர் சொல்றேன். அமெரிக்காவுல பாஸ்டன்ல ரெண்டு மருத்துவமனையில குழந்தைங்களோட மருந்து ஆர்டர் 10,778ஐ ஒண்ணு விடாம பாத்து 2001ல ஒரு ஆய்வு வந்துச்சு, எங்க துறையில எல்லாரும் மேற்கோள் காட்டுறது இதைத்தான். தப்பு இருந்தது 616, அதாவது 5.7 சதவீதம். ஆனா பெரும்பாலானது குழந்தை வரைக்கும் போய் கெடுதல் பண்ணாத தப்பு. மருந்தால குழந்தைக்கு கெடுதல் நடந்தது 26, அதுலயும் தடுத்திருக்கலாம்னு சொல்லக்கூடியது 5தான். கவனிக்க வேண்டியது வேற இடத்துல இருக்கு, கெடுதல் பண்ணியிருக்கக்கூடிய, ஜஸ்ட்ல தப்பிச்ச தப்புங்க பெரியவங்க வார்டை விட மூணு மடங்கு, அதுலயும் என்ஐசியூ குழந்தைங்களுக்குத்தான் அதிகம், அதுல முக்காவாசி மருந்து எழுதுற கட்டத்துலயே நடந்தது. ஊசி போடுற சிஸ்டரை நாம முறைச்சு பாக்குறோம், தப்பு பல நேரம் அதுக்கு முன்னாடியே பேப்பர்ல ஏறிடுது. இது பாஸ்டன் கணக்கு, 25 வருஷம் ஆகப்போகுது, அப்படியே தூக்கி நம்ம ஊர் மேல வைக்க முடியாது, ஆனா மருந்து எந்த வழியா தப்பா போகுதுங்கிற தடம் எங்கயும் ஒண்ணுதான்.

எப்படி சங்கிலி மாதிரி நடக்கும்னு தெரிஞ்சுக்க ரத்தம் உறையாம இருக்க போடுற ஹெப்பரின் மருந்தோட கதை போதும். 2006 செப்டம்பர்ல இண்டியானாபொலிஸ்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரி என்ஐசியூ. ஐவி லைன் (நரம்புல மாட்டுற குழாய்) அடைக்காம இருக்க எம்எல்லுக்கு 10 யூனிட் ஹெப்பரின் கொஞ்சம் போடுவாங்க. ஃபார்மசில இருந்து வந்தவர் எம்எல்லுக்கு 10,000 யூனிட் இருக்கிற வையலை அந்த அலமாரியில அடுக்கிட்டாரு. ரெண்டு வையலும் ஒரே சைஸ், லேபிளும் ரெண்டுலயும் நீலம். குழந்தைங்க அலமாரியில 10 யூனிட்தான் இருக்கும்னு பழகிப்போன நர்ஸுங்க எடுத்தாங்க, போட்டாங்க. ஆறு குழந்தைங்களுக்கு ஆயிரம் மடங்கு போச்சு, மூணு குழந்தை இறந்துச்சு. அந்த வையலை தயாரிச்ச கம்பெனி 2007 பிப்ரவரியில எச்சரிக்கை கடிதம் அனுப்பினாங்க, அக்டோபர்ல லேபிளை மாத்தினாங்க, ஆனா ஏற்கனவே ஆஸ்பத்திரிங்கள்ல இருந்த பழைய ஸ்டாக்கை திரும்ப எடுக்கல. நவம்பர்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல நடிகர் டென்னிஸ் குவெய்டோட ரெட்டைக் குழந்தைகளுக்கு அதே வையல், அதே தப்பு. நல்லவேளை, பிழைச்சுட்டாங்க. கடிதம் போட்டா தப்பு நிக்கும்னு நினைக்கிற எல்லாரும் அந்த ஒன்பது மாசத்தை யோசிச்சு பாக்கணும். நம்ம ஊர்லயும் ஹெப்பரின் 5 எம்எல் வையல்ல எம்எல்லுக்கு 1000, எம்எல்லுக்கு 5000ன்னு ரெண்டும் வருது, பக்கத்து பக்கத்துல வெச்சா எனக்கே வயித்தை கலக்கும்.

அப்ப ஆஸ்பத்திரி என்ன பண்ணணும்? நிச்சயமா பலன் இருக்குன்னு நான் சொல்லக்கூடியதுல முதல்ல வர்றது, ஆபத்தான சரக்கை அந்த இடத்துல வைக்கவே வைக்காம இருக்கறது. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூல் பாக்க டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் மாதிரியே இருக்கும், கலக்காம நேரா போட்டா இதயம் நின்னுடும். அதை வார்டு டிராலியில இருந்து எடுத்து பூட்டுக்குள்ள வெச்சா அந்த தப்பு நடக்க வழியே இல்ல, யாரும் கவனமா இருக்கணும்னு அவசியமும் இல்ல. அதே மாதிரி என்ஐசியூ ஸ்டாக்ல அமிகாசின் 100 மட்டும் வை, 500 ஏன் வருது? இதுக்கு காசு செலவில்ல, ஃபார்மசிக்கும் வார்டுக்கும் நடுவுல ஒருத்தர் உக்காந்து பேசினா போதும்.

அடுத்தது கலவையை ஒரே அளவா நிலைப்படுத்துறது. நம்ம ஊர்ல ரத்த அழுத்தத்தை தாங்கிப் பிடிக்கிற டோபமைன் மாதிரி மருந்துக்கு இன்னும் பல இடத்துல ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக்கணக்கு: கிலோவுக்கு 30 எம்ஜி, 50 எம்எல் சிரிஞ்சுல, மணிக்கு ஒரு எம்எல் ஓடினா நிமிஷத்துக்கு கிலோவுக்கு 10 மைக்ரோகிராம். 1.2 கிலோன்னா 36 எம்ஜி, ஆம்பியூல்ல எம்எல்லுக்கு 40 எம்ஜி, அப்ப 0.9 எம்எல். டாக்டருக்கு வசதியான கணக்கு, மனசுலயே ஓட்டிடலாம், அதனாலதான் விட மாட்டேங்கிறாங்க. ஆனா பத்து குழந்தை இருந்தா பத்து விதமான கலவை, ஒவ்வொண்ணுலயும் புதுசா தப்பு பண்ண வாய்ப்பு. அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் குடுக்கிற ஜாயின்ட் கமிஷன் இந்த மாதிரி கணக்கை 2000களிலேயே கைவிடச் சொல்லிடுச்சு, எல்லாருக்கும் ஒரே கலவை, பம்ப் வேகத்தை மட்டும் மாத்துன்னு. பம்ப்ல அந்த மருந்தோட மேல் எல்லையை முன்னாடியே பதிஞ்சு வெச்சிருந்தா, 1.5க்கு பதிலா 15ன்னு அழுத்தினா அது கத்தும். இன்னும் நல்லது, வார்டுல கலக்காம ஃபார்மசியில சுத்தமான இடத்துல கலந்து, குழந்தை பேர் ஒட்டி, போடுறதுக்கு ரெடியா அனுப்புறது. பெரிய ஆஸ்பத்திரிகள்ல கொஞ்சம் கொஞ்சமா வருது.

வாய்வழி மருந்துக்கு வேற சிரிஞ்சு. பிரிட்டன்ல 2007லயே வாய்வழி மருந்தை ஐவி லைன்ல மாட்டவே முடியாத தனி சிரிஞ்சுல எடுக்கணும்னு சொல்லிட்டாங்க, ஏன்னா டியூப்ல போக வேண்டிய சிரப்பு நரம்புல போன கதை உலகம் பூரா இருக்கு. நம்ம ஊர்ல இன்னும் எல்லாத்துக்கும் ஒரே சிரிஞ்சுதான், ஒரே ட்ரேல பால் டியூப் மருந்தும் ஐவி மருந்தும் பக்கத்து பக்கத்துல. எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம் இது.

பேர் விஷயமும் இருக்கு. பொறந்த குழந்தைக்கு பேர் கிடையாது, 'பேபி ஆஃப் பிரியா'ன்னுதான் போர்டுல இருக்கும், ஒரே நேரத்துல ரெண்டு பிரியா இருப்பாங்க, ரெட்டைன்னா ட்வின் ஒண்ணு, ட்வின் ரெண்டு. நியூயார்க்ல ஒரு ஆஸ்பத்திரியில அம்மா பேரை வெச்சே ஒவ்வொரு குழந்தைக்கும் வேறுபடுத்துற மாதிரி பேர் போட்டு பாத்தாங்க, தப்பான குழந்தைக்கு ஆர்டர் போடுறது 36 சதவீதம் குறைஞ்சதுன்னு 2015ல வெளியிட்டாங்க. காசில்லாத வைத்தியம். இங்க குறைஞ்சபட்சம் கையில கால்ல இருக்கிற டேக் நம்பரை பாத்து போடணும், தொட்டில் போர்டை பாத்து போடக்கூடாது.

இனி எனக்கே முழு நம்பிக்கை இல்லாத பகுதி. கம்ப்யூட்டர்ல ஆர்டர் போட்டா எல்லாம் சரியாயிடும்னு விக்கிறவங்க சொல்லுவாங்க. பாஸ்டன் ஆய்வுக்காரங்களே அது பெரும்பாலான ஆபத்தான தப்பை தடுத்திருக்கும்னுதான் கணிச்சாங்க. ஆனா பிட்ஸ்பர்க்ல ஒரு குழந்தைகள் மருத்துவமனை அதை அவசரமா கொண்டு வந்தப்ப, வேற ஊர்கள்ல இருந்து மாத்தி அனுப்பப்பட்ட சீரியஸான குழந்தைங்க மத்தியில இறப்பு 2.80 சதவீதத்துல இருந்து 6.57க்கு ஏறிடுச்சுன்னு 2005ல அவங்களே எழுதினாங்க, மருந்து ஆர்டர் போடவே நேரம் புடிச்சுது, சிஸ்டருங்க குழந்தை பக்கத்துல இருக்கிறதுக்கு பதிலா ஸ்கிரீன் முன்னாடி நின்னாங்க. சியாட்டில்ல அதே மாதிரி சிஸ்டம் போட்டப்ப இறப்பு கூடல, ஸ்டான்ஃபோர்டுல குறைஞ்சதுன்னு 2010ல வந்துச்சு. அப்ப என்ன அர்த்தம், பொட்டி நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, எப்படி கொண்டு வர்றோம்ங்கிறதுலதான் இருக்கு. எங்க ஆளுங்ககிட்ட நான் சொல்றது, குழந்தை வெயிட் போடாம ஆர்டரே ஏறக்கூடாதுங்கிற ஒரு பூட்டு மட்டும் இருந்தாலே பாதி காசு வசூல்.

ரெண்டு பேர் சரி பாக்குறதும் அப்படித்தான். எல்லா ஆஸ்பத்திரி விதியிலயும் இருக்கும், ஆபத்தான மருந்தை ரெண்டு சிஸ்டர் பாக்கணும்னு. ஆஸ்திரேலியாவுல ஒரு குழந்தைகள் மருத்துவமனையில பக்கத்துலயே நின்னு கவனிச்சு பாத்ததுல, பத்துல ஒன்பதுக்கு மேல 'அக்கா, 1.8 எடுத்திருக்கேன், சரிதானே?' 'ஆமா சரி' ரகம்தான். விடையை சொல்லிட்டு கேட்டா கேக்குறவங்க மூளையும் அதே தடத்துலதான் ஓடும். ரெண்டாவது ஆள் வெயிட்டையும் ஆர்டரையும் மட்டும் பாத்து தானா கணக்கு போட்டு ஒரு நம்பர் சொல்லணும், அது முதல் நம்பரோட ஒத்துப் போகணும், அதான் செக்கிங். எல்லா மருந்துக்கும் அப்படி பண்ண நேரம் இருக்காது, அதனால ஹெப்பரின், இன்சுலின், மார்ஃபின், பொட்டாசியம், டோபமைன் மாதிரி கையளவு மருந்துக்கு மட்டும் உண்மையா பண்ணுங்க, மத்ததுக்கு சும்மா கையெழுத்து போட வைக்காதீங்கங்கிறது என் கட்சி. 'தொந்தரவு செய்யாதீர்'னு எழுதின சிவப்பு கோட்டு மாட்டிக்கிறதும் வந்துச்சு, நம்ம வார்டுல அதை மாட்டிக்கிட்டு நின்னாலும் நோயாளி கூட வந்தவங்க நாலு பேர் வந்து பில்லு எங்க கட்டணும்னு கேப்பாங்க, விடுங்க.

நம்ம நிலவரம் என்னன்னா, சட்டம் கொஞ்சம் இருக்கு, ஆளு பத்தல. டாக்டருங்க புரியுற மாதிரி, முடிஞ்சா பெரிய எழுத்துல, ஜெனரிக் பேர்ல (கம்பெனி பேர் இல்லாம மருந்தோட பேர்ல) எழுதணும்னு 2016லயே மருத்துவ கவுன்சில் விதி வந்துடுச்சு. என்னை மாதிரி ஃபார்ம்.டி படிப்பு இந்தியாவுல 2008லதான் தொடங்கினது, படிச்சு முடிச்சவங்க ஏராளம், ஆனா வார்டு ரவுண்ட்ஸ்ல டாக்டர் கூட ஃபார்மசிஸ்ட் நடக்குற ஆஸ்பத்திரி இன்னும் குறைவுதான். அந்த பாஸ்டன் ஆய்வுல, ஃபார்மசிஸ்ட் வார்டுலயே இருந்திருந்தா ஆபத்தான தப்புல 94 சதவீதத்தை பிடிச்சிருக்கலாம்னு கணிச்சிருந்தாங்க, கம்ப்யூட்டருக்கு 93. என் ஜாதிக்கு நானே வக்காலத்து வாங்குறேன்னு நினைச்சாலும் பரவால்ல. உலக சுகாதார நிறுவனம் 2017ல மருந்தால வர்ற, தவிர்க்கக்கூடிய கடுமையான கெடுதலை அஞ்சு வருஷத்துல பாதியா குறைப்போம்னு அறிவிச்சுது, 2025 செப்டம்பர் 17 நோயாளி பாதுகாப்பு தினத்தை முழுக்க பச்சக்குழந்தைக்கும் குழந்தைகளுக்கும்னே ஒதுக்கினாங்க. பேனர் எல்லா இடத்துலயும் கட்டினாங்க. ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு சிஸ்டர் எத்தனை குழந்தையை பாக்குறாங்கங்கிறதை அந்த பேனர் மாத்தாது.

இப்ப உங்க பக்கம். டோஸ் கணக்கை நீங்க சரி பாக்க வேணாம், உங்களால முடியாது, கூகுள்ல பாத்து சண்டைக்கு போனா நடுவுல குழந்தைக்குத்தான் நேரம் போகும். ஆனா சில விஷயம் உங்களுக்குத்தான் நல்லா தெரியும். தினமும் டாக்டர் பேச வர்றப்ப 'இன்னைக்கு வெயிட் எவ்வளவு சார், மருந்து எந்த வெயிட்டுக்கு போடுறீங்க'ன்னு கேளுங்க. பொறந்த முதல் சில நாள் எல்லா குழந்தையும் எடை குறையும், அதனால திரும்ப ஏறுற வரைக்கும் பொறந்தப்ப இருந்த எடையையே கணக்குக்கு வெச்சுக்கறது வழக்கம், அவங்க அப்படி சொன்னா கலங்காதீங்க. என்னென்ன மருந்து போகுது, எதுக்கு, எத்தனை நாளைக்குன்னு பேர் கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க, தேதி போட்டு. உங்க தங்கச்சி குடிக்கிற மருந்து, குடும்பத்துல யாருக்காவது மருந்து அலர்ஜி, அம்மா வழியில காது கேக்காம போனவங்க இருக்காங்களா, இதையெல்லாம் அவங்க கேக்கலைன்னாலும் சொல்லுங்க. கடைசி கேள்வி ஏன்னா அமிகாசின், ஜென்டாமைசின் மாதிரி மருந்துல சில குடும்பத்துக்கு சரியான அளவுலயே காது பாதிக்கும், அது அம்மா வழியா வர்ற விஷயம். கண்ணாடிக்கு வெளியவே நிக்க வெச்சா, பெத்தவங்களை உள்ள விட்டு கவனிப்புல சேத்துக்கணும்னு மத்திய அரசே 2017ல ஃபேமிலி பார்ட்டிசிபேட்டரி கேர்னு வழிகாட்டி போட்டிருக்கு, அதை மரியாதையா சொல்லி கேளுங்க. அம்மா பக்கத்துல இருந்தா 'சிஸ்டர், இது என்ன மருந்து, இப்பதானே ஒண்ணு போட்டீங்க'ன்னு ஒரு வார்த்தை கேப்பாங்க, அந்த வார்த்தையில நின்ன தப்பு நிறைய. கேக்குற தொனிதான் முக்கியம், மிரட்டுற தொனியில கேட்டா அடுத்த தடவை அவங்க உங்களுக்கு தெரியாம போடத்தான் பாப்பாங்க.

டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான் நீங்க ரொம்ப உஷாரா இருக்கணும், ஏன்னா அன்னையில இருந்து அந்த கணக்கு உங்க கைக்கு வந்துடுது. பாரசிட்டமால் ட்ராப்ஸ்ல எம்எல்லுக்கு 100 எம்ஜி, சிரப்புல 5 எம்எல்லுக்கு 125 எம்ஜி, அதாவது ட்ராப்ஸ் நாலு மடங்கு கெட்டி. சின்ன பாட்டில்ல இருக்கு, குழந்தைக்குன்னு போட்டிருக்கு, அதனால லைட்டா இருக்கும்னு எல்லாரும் நினைக்கிறாங்க, நேர் தலைகீழ். மூணு கிலோ குழந்தைக்கு சிரப்புல 1.8 எம்எல்னு எழுதி குடுத்ததை, கடையில சிரப் இல்லன்னு ட்ராப்ஸ் வாங்கி அதே 1.8 குடுத்தா 45 எம்ஜி போக வேண்டிய இடத்துல 180 போகும். வைட்டமின் டி ட்ராப்ஸ் எம்எல்லுக்கு 400 யூனிட்டும் வருது, 800ம் வருது, பெரியவங்க வாரத்துக்கு ஒண்ணு குடிக்கிற 60,000 யூனிட் குட்டி பாட்டிலும் 5 எம்எல்தான், அதை தினசரி குழந்தைக்கு குடுத்துட்டு கால்சியம் ஏறி வந்து நிக்குற குடும்பங்க இருக்காங்க. அதனால சீட்டுல 'எத்தனை எம்எல்'னு மட்டும் இருந்தா பத்தாது, எத்தனை எம்ஜி, எந்த பாட்டில்னும் எழுதி வாங்குங்க. பாட்டிலையும் சிரிஞ்சையும் கொண்டு போய் சிஸ்டர் முன்னாடி நீங்களே ஒரு தடவை எடுத்து காட்டுங்க, அவங்க எடுத்து காட்டுறதை பாத்துட்டு தலையாட்டிட்டு வராதீங்க. டீ ஸ்பூனு, மூடி, இதுல எல்லாம் அளக்காதீங்க. கடைக்காரர் 'அதே மருந்துதான், வேற கம்பெனி'ன்னு குடுத்தா எம்எல்லுக்கு எவ்வளவுன்னு லேபிள்ல படிங்க.

வீடியோ கேட்டீங்க. ஊசி போடுறப்ப ஃபோனை நீட்டாதீங்க, கை நடுங்குற ஆளுகிட்ட 0.36 எம்எல் எடுக்கச் சொல்ற மாதிரி ஆயிடும், பக்கத்து குழந்தைங்க முகமும் அதுல விழும், பெரும்பாலான இடத்துல அனுமதியும் கிடையாது. மருந்து பட்டியல், டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டுக்கு குடுத்த பாட்டில் லேபிள், இதையெல்லாம் தாராளமா ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஏதாவது மருந்துக்கு அப்புறம் குழந்தைக்கு தடிப்பு, மூச்சு நிக்குறது, அசாதாரண தூக்கம்னு வந்தா முதல்ல டாக்டர்கிட்ட, அப்புறம் மருந்தோட பேரு, பேட்ச் நம்பரோட 1800-180-3024க்கு கூப்பிட்டு சொல்லலாம், இந்திய மருந்து கண்காணிப்பு திட்டத்தோட இலவச எண், பொதுமக்களே சொல்லலாம், டாக்டர் கையெழுத்து தேவையில்ல.